நித்திரையைப் பறிச்சுப்போட்டு குளிசை விக்கிறாங்கள்

ஞாபகசக்திக் குளிசைகளைப் பற்றி எழுதப்போறன் எண்டு சொன்னதும் எங்கட ஆக்களில் பாதிப்பேர், "எது நல்லது, எங்க வாங்கலாம்?" எண்டு கேட்டார்கள். மற்றப் பாதிப்பேர், "அதெல்லாம் சும்மா, வடிவா நித்திரை கொண்டால் காணும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார்கள். இரண்டு பக்கத்தோடையும் எனக்குச் சண்டை இருக்கு. முதல் பக்கத்தோடு காசு பற்றிய சண்டை. இரண்டாவது பக்கம் சொல்வது சரிதான். ஆனால் சரியான ஒன்றைச் சொல்லிவிட்டு நழுவிப் போகிறார்கள், அதுதான் கோபம்.

முதலில் குளிசை.

சோதினைக் காலம் வந்தால் டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் இந்த விளம்பரங்கள் ஊறத் தொடங்கும். மூளைப் படம் போட்ட போத்தல். "கவனம், தெளிவு, ஞாபகம்" என்ற மூன்று சொல். வெளிநாட்டு லேபல். கொஞ்சம் பழசான ஆக்களுக்கு இதே சாமான் பச்சைப் போத்தலில், ஓர் இலையின் படத்தோடு, "பக்க விளைவற்ற மூலிகை" என்று வரும். ஓ.எல். எடுக்கிற பிள்ளையின் அம்மா வாங்குகிறார். ஏ.எல். மூன்றாம் முறை எடுக்கிற அண்ணா வாங்குகிறார். கம்பஸில் மகாபொல வந்த கிழமையில் ஹொஸ்டலுக்கு வருகிற பார்சல்களில் ஒன்றிரண்டு இதுவாகத்தான் இருக்கும். எல்லாரும் சொல்லுகிற நோய் ஒன்றுதான்: "மண்டைக்குள்ள மூட்டமா இருக்கு, படிச்சது ஒண்டும் நிக்குதில்லை."

நான் கலைப்பீடம். இதைப் பற்றிக் கதைக்க உனக்கென்ன தகுதி எண்டு மருத்துவபீட நண்பர்கள் கேட்கலாம். ஓர் ஆய்வைப் பற்றி நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதி விளம்பரம் அந்த இடத்திலேயே விழுந்துபோகும். யாரை வைத்துச் செய்தார்கள்? எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டார்கள்? யார் காசு குடுத்தது? வரலாற்றுப் பாடத்தில் கல்வெட்டைப் பார்த்து நாங்கள் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய இவைதானே.

கிங்கோவை எடுப்போம். உலகம் முழுக்க ஞாபகசக்திக்கென்று விற்கிற பேர்போன மூலிகை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப்பேருக்குக் கிங்கோவும் மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது போகிறது என்று எடுத்தவருக்கும் தெரியாது. 2008இல் முடிவு வந்தது: மறதிநோய் வருவதைக் கிங்கோ தடுக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஆக்களின் ஞாபகம், கவனம் எல்லாவற்றையும் அலசிப் பார்த்தார்கள், அதிலும் வித்தியாசம் இல்லை. இவ்வளவு பெரிய ஆய்வு வேறெந்த மூளைக் குளிசைக்கும் நடந்தது அரிது. ஆனாலும் கிங்கோ போத்தல் இன்றைக்கும் அலுமாரியில்தான் இருக்கு. ஏனென்றால் விற்கிறதுக்கு முன்னம் "இது வேலை செய்யுது" என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் அந்த வியாபாரத்துக்கு இல்லை. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டம் இந்தச் சாமான்களை மருந்து என்ற வகையில் வைக்காமல் உணவோடு சேர்த்துவிட்டது. அதனால்தான் போத்தலின் பின்பக்கம் பொடி எழுத்தில், இந்தக் கூற்றை மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். முன்பக்கம் மூளை, பின்பக்கம் அந்த வரி. நாங்கள் முன்பக்கத்தைத்தான் வாசிக்கிறம்.

இன்னொரு கதை இதைவிட ருசியானது. ஜெலிமீனில் இருந்து எடுத்த புரதம் எண்டு சொல்லி பிரெவஜென் என்ற குளிசையை அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வருடக்கணக்காக விற்றார்கள். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்பது விளம்பரம். 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபரும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொன்ன குற்றச்சாட்டைக் கவனியுங்கோ: கம்பனி காட்டிய ஆய்வில் 218 பேர் இருந்தார்கள், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிடக் குளிசை எடுத்தவர்கள் முன்னேறவில்லை, அதுக்குப் பிறகு தரவை 30 தடவைக்கு மேல் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்து, அதில் நல்லதாகத் தெரிந்த ஒன்றிரண்டு துண்டைத் தூக்கிப் பிடித்தார்கள். இதை எங்கட பாசையில் சொன்னால், வகுப்பு முழுக்க பெயில். பிறகு வாத்தியார் இருந்து, இடது கைப் பழக்கம் உள்ள ஆக்களை மட்டும் பார், செவ்வாய்க்கிழமை பிறந்தவர்களை மட்டும் பார், சைக்கிளில் வாறவர்களை மட்டும் பார் எண்டு தேடி, கடைசியில் ஒரு மூன்று பேர் பாஸ் பண்ணின ஒரு மூலையைக் கண்டுபிடித்து, "எனது வகுப்பில் வெற்றி" என்று சந்தியில் பதாகை கட்டுகிறார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்த ஞாபகசக்தி விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. வழக்குப் போட்டு ஏழு வருடத்துக்கு மேல். அதுக்குள்ள எத்தனை போத்தல் விற்றிருக்கும்!

வல்லாரையைத் தொட்டால் வீட்டில் அடி விழும், ஆனாலும் தொடத்தான் வேணும். சோதினைக்கு முதல் கிழமை வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு எங்கட பக்கத்தில் குறைவு. நான் வல்லாரைச் சம்பலுக்கு எதிரி இல்லை. தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சின்ன வெங்காயமும் போட்டுச் செய்தால் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் வல்லாரையை வைத்துச் செய்த பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் அலசலில், வெற்றுக் குளிசையைவிட அது மூளைத்திறனைக் கூட்டியதாகத் தெரியவில்லை. மனநிலை கொஞ்சம் தெளிவாகலாம், கோபம் கொஞ்சம் குறையலாம் என்ற அளவில்தான் வந்தது. சோதினைக் கிழமையில் கோபம் குறைஞ்சாலே வீட்டுக்கு லாபம், அது வேற கதை.

பிரமிக்கு நிலைமை கொஞ்சம் மேல். நீர்ப்பிரமி, சிங்களத்தில் லுணுவில. இதில் நடந்த சில பரிசோதனைகளில் சின்ன முன்னேற்றம் தெரிந்திருக்கு. அதை மறைத்தால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவன். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒவ்வொரு நாளும் எடுத்து, 12 கிழமைக்குப் பிறகு அளந்தவை பல. வயிற்றுக்குழப்பம் அதன் வழமையான பக்க விளைவு. திங்கட்கிழமை சோதினைக்கு வெள்ளிக்கிழமை ஓடர் பண்ணுகிற ஆளுக்கு இதில் கிடைக்கக்கூடியது அந்த வயிற்றுக்குழப்பம் மட்டும்தான். அதோடு "பிரமி" எண்டு போட்டால் எல்லா இடத்திலும் ஒரே செடியும் இல்லை. இந்தியாவின் சில பகுதிகளில் வல்லாரைக்கும் பிரமி என்றுதான் பெயர். நீங்கள் வாங்கிய போத்தலில் எது இருக்கு எண்டு போத்தலைக் கேட்டுத்தான் பாக்க வேணும்.

இதுக்கு மேலே ஒரு படி இருக்கு. அதை விளம்பரம் செய்வதில்லை, காதுக்குள் சொல்லுவார்கள். மொடாபினில், மெதில்பெனிடேட் மாதிரியான மருந்துகள். பகலில் கட்டுப்படுத்த முடியாத நித்திரை வருகிற நோய்க்கும் கவனக்குறைபாட்டுக்கும் டொக்டர் எழுதித் தரவேண்டியவை. நோய் இல்லாதவர் எடுத்தால் என்ன நடக்கும்? 2023இல் மெல்பேர்னில் நோய் இல்லாத 40 இளம் ஆக்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து ஒரு புதிரைத் தீர்க்க விட்டார்கள். குறிப்பிட்ட பாரம்தான் தாங்கும் ஒரு பை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் ஒரு பாரமும் உள்ள சாமான்கள். பைக்குள் கூடிய பெறுமதியை அடைய வேணும். மருந்து எடுத்தபோது அவர்கள் கூட நேரம் செலவழித்தார்கள், கூடத் தடவை அங்கே இங்கே மாற்றினார்கள். விடையின் தரம் குறைந்தது. விழுந்து விழுந்து வேலை செய்தார்கள், மோசமாகச் செய்தார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சில அசைன்மென்ட் இரவுகள்தான் ஞாபகம் வந்தன, அதுக்குக் கோப்பியே காணும்.

"எனக்கு வேலை செய்ததே" எண்டு சொல்லுகிற ஆள் எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். அவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டன். குளிசை வாங்குகிற கிழமை எந்தக் கிழமை? படிக்கவேணும் எண்டு முடிவெடுத்த கிழமை. போனை அக்காவிடம் குடுத்த கிழமை. அம்மா முட்டை அவிச்சுத் தந்த கிழமை. இத்தனையும் ஒன்றாக நடக்கும்போது பாராட்டு மட்டும் போத்தலுக்குப் போகுது.

இதில் ஒரேயொரு இடத்தில் நான் குளிசையின் பக்கம். உடம்பில் உண்மையாகவே ஒன்று குறைவாக இருந்தால், அந்தக் குறையை நிரப்பும் குளிசை வேலை செய்யும். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரும்புச்சத்துக் குறைவான இளம் பெண்களுக்கு 16 கிழமை இரும்புச்சத்து கொடுத்தார்கள். இரும்பின் அளவு ஏறியவர்களுக்குக் கவனமும் ஞாபகமும் தெளிவாக ஏறின. என்னோடு படிக்கிற ஒரு பிள்ளை இரண்டாம் வருடம் முழுக்க மூளைக் குளிசை எடுத்தாள். படியேறினால் மூச்சு வாங்கும், லெக்சரில் கண் இருட்டும், தலைமயிர் கொட்டும். இதையெல்லாம் "ஸ்ட்ரெஸ்" எண்டு நாங்களே சொல்லிச் சொல்லி அவளை நம்பவைத்தம். கடைசியில் ஊரில் அவளின் சித்தி இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 9க்குக் கீழே. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மாதவிடாய் அதிகமாகப் போவதைப் பற்றி அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற எங்கட பழக்கம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது என்பதையும் ஒருத்தரும் சொன்னதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கக்கூடிய ஒரு சோதனை; அதைச் செய்யாமல் ஒரு வருடம் மூளைப் படத்துக்குக் காசு கட்டினாள். "மண்டை மூட்டம்" எண்டு அழகான ஒரு பேர் வைத்து விற்கிறவர்கள் மேல் எனக்குள்ள ஆத்திரத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கு. அந்தப் பேருக்குப் பின்னால் இரத்தசோகை இருக்கலாம், தைரொயிட் இருக்கலாம், பி12 குறைவு இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். போத்தல் இந்தக் கேள்விகளை மூடிவிடுகிறது.

சரி, இனி நித்திரை.

நித்திரை மூளைக்கு நல்லதா என்று நிரூபிக்க ஆய்வே தேவையில்லை என்று சிலநேரம் தோன்றும். 1971இல் வட அயர்லாந்தில் பிரித்தானியப் படைகள் கைதிகளை விசாரித்தபோது பாவித்த ஐந்து வழிகளில் ஒன்று நித்திரை கொள்ள விடாமை. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த வழிகளை மனிதத்தன்மையற்ற நடத்தை என்றது. ஒரு மனிசனின் மண்டையைக் குழப்ப வேணும் எண்டால் முதலில் எதைப் பறிக்கவேணும் என்று வதைக்கிறவர்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

ஆனாலும் ஆய்வு கிடக்கு, நிறையக் கிடக்கு. எல்லாவற்றிலும் என்னைப் பயப்படுத்தியது 2003இல் வந்த ஒன்று. ஆரோக்கியமான ஆக்களை ஆய்வுகூடத்தில் வைத்து, ஒரு பகுதிக்கு இரவில் 8 மணித்தியாலம், ஒரு பகுதிக்கு 6, இன்னொரு பகுதிக்கு 4 என்று 14 நாள் படுக்கவிட்டார்கள். 6 மணித்தியாலமும் அதற்குக் குறைவும் படுத்தவர்களின் கவனமும் ஞாபகமும் நாளுக்கு நாள் இறங்கி, முடிவில் ஒன்று இரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டன. பயங்கரம் அதில்லை. "எவ்வளவு நித்திரை வருது?" எண்டு அவர்களைக் கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு "பெரிசா இல்லை" என்ற மாதிரித்தான் பதில். திறன் இறங்கிக்கொண்டே போகுது, ஆளுக்கு அது தெரியவில்லை. "எனக்கு அஞ்சு மணித்தியாலம் காணும், பழகிட்டுது" எண்டு சொல்லுகிற ஒவ்வொருத்தரையும் இனி இந்த ஆய்வை வைத்துத்தான் பார்ப்பன். உண்மையாகவே குறைந்த நித்திரை போதுமான ஆக்கள் உலகத்தில் இருக்கிறார்கள், மிகச் சிலர். எங்கட பட்ச் முழுக்க அந்த மிகச் சிலராக இருக்க வாய்ப்பில்லை.

மாணவர்களை நேரடியாகப் பார்த்த ஆய்வும் உண்டு. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரசாயனவியல் படித்த சுமார் 100 பேரின் கையில் கருவி கட்டி, ஒரு செமஸ்டர் முழுக்க நித்திரையை அளந்தார்கள். புள்ளிகளில் ஆளுக்காள் இருந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய கால்வாசி, நித்திரையின் அளவோடும் தரத்தோடும் ஒழுங்கோடும் ஒத்துப்போனது. எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. சோதினைக்கு முதல்நாள் இரவு எவ்வளவு படுத்தார்கள் என்பதற்கும் புள்ளிக்கும் தொடர்பே இல்லை. அந்த மாதம் முழுக்க எப்படிப் படுத்தார்கள் என்பதுதான் தொடர்புபட்டது. ஒரு இரவு கடன் கட்டினால் ஒரு மாதக் கடன் தீராது. (இதுவும் ஓர் ஒத்துப்போதல்தான், காரணம் என்று நிரூபித்ததில்லை. நல்லா நித்திரை கொள்ளுகிற பிள்ளைக்கு வேறு வசதிகளும் இருக்கலாம். அந்த "வசதி" என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கோ.)

கோப்பி, எனர்ஜி டிரிங்க் பற்றி ஒரு வரி: முழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேர்ந்து "படு" எண்டு சொல்லுகிற இரசாயனத்தின் கதவை கஃபீன் அடைத்துப் பிடிக்குது, அவ்வளவுதான், அந்தச் சாமான் கதவுக்கு வெளியே சேர்ந்துகொண்டுதான் இருக்கு. படுக்கிறதுக்கு 6 மணித்தியாலத்துக்கு முதல் எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன்கூட நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெட்டியதை 2013இல் அளந்திருக்கிறார்கள்.

ஆகவே தீர்ப்பு என்று கேட்டால் சுலபம். குறைபாடு இல்லாத ஆளுக்குக் குளிசை கிட்டத்தட்ட வீண். நித்திரை உண்மை. கட்டுரையை இதோடு முடித்தால் நானும் அந்த இரண்டாவது பக்கத்து ஆள்.

நித்திரைக்கு அறிவுரை சொல்லுகிற துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துப் பாருங்கோ. அமைதியான, இருட்டான, குளிர்ச்சியான அறை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். படுக்கையைப் படுக்க மட்டும் பாவியுங்கோ. ஹொஸ்டலில் எங்கட அறையில் ஆறு பேர், ஒரு பான், அதுவும் ஒருபக்கம்தான் திரும்பும். ஒருத்தி படிக்க லைட் வேணும், ஒருத்திக்கு வீட்டிலிருந்து கோல், நுளம்புவலைக்குள் ஒருத்தி அழுகிறாள். கட்டில்தான் மேசை, கட்டில்தான் அலுமாரி, கட்டில்தான் சாப்பாட்டு இடம். மலையகத்தில் இருந்து வந்த தோழி சொல்லுவாள், 10க்கு 12 அடி லயன் அறையில் ஐந்து பேர் படுத்து ஏ.எல். எடுத்தவளுக்கு இந்த ஹொஸ்டலே விசாலம் எண்டு. அவளுக்குப் போய் "அமைதியான இருட்டறை" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

நேரமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் காலை 7.30. அதுக்கு முதல் 5.30க்கு ஒரு டியூசன், பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று. ஞாயிற்றுக்கிழமையும் விடிய எழும்பவேணும். பதின்ம வயதில் உடம்பின் மணிக்கூடு பின்னுக்குத் தள்ளிப்போகுது, நித்திரை பிந்தித்தான் வரும், பிந்தித்தான் முறியும். ஏறக்குறைய 20 வயதில் அது உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல முன்னுக்கு வரும். தாத்தாமார் நாலு மணிக்கு எழும்புவது அவர்களின் ஒழுக்கத்தால் மட்டுமில்லை, வயதாலும்தான். அந்த வயதின் மணிக்கூட்டை 17 வயதுப் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, "விடியக்காலமை படிச்சால்தான் மண்டையில ஏறும்" என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே, இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் காலை 8.30க்கு முன்னம் தொடங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கட ஊரில் 8.30க்குப் பிள்ளை அன்றைய இரண்டாவது வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

உடனே ஒருத்தர் வருவார்: "நாலு மணித்தியாலம் படுத்துத்தான் அவன் மெடிசின் போனவன்." போயிருப்பான். அவனின் படமும் இசட் ஸ்கோரும் சந்தியில் தொங்குது. நாலு மணித்தியாலம் படுத்து மூன்று எஸ்ஸோடு வீட்டில் இருக்கிற எத்தனை பேருக்குச் சந்தியில் பதாகை கட்டினம்? அவர்களையும் கட்டித் தொங்கவிட்டால் ரோட்டில் வெயிலே விழாது. இசட் ஸ்கோரில் ஒரு புள்ளிக்குப் பின்னால வாற தசமத்துக்காக ஒரு மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் நித்திரையை விற்கிறார்கள். எல்லாரும் விற்றால் யாருக்கும் முந்த முடியாது. முதல் ஆள் எழும்பி நின்று படம் பார்த்தால் பின்னால் இருக்கிற எல்லாரும் எழும்பவேணும், கடைசியில் எல்லாரும் நின்றுகொண்டு அதே படத்தைத்தான் பார்க்கிறம்.

வீட்டுக்குள் போனால் இன்னும் இருக்கு. அண்ணா படிக்கிறார் எண்டால் வீடு மூச்சுவிடாது. தங்கச்சி படிக்கிறாள் எண்டால், கோப்பை கழுவிப்போட்டு, அம்மம்மாவுக்கு மருந்து குடுத்துப்போட்டு, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்துப்போட்டுப் படிக்கவேணும். அந்த இரண்டு மணித்தியாலம் அவளின் நித்திரையில் இருந்துதான் வெட்டுப்படும். பிறகு சோதினை மறுமொழி வந்ததும், "பெட்டைக்கு ஞாபகசக்தி காணாது" எண்டு ஒரு போத்தல் வாங்கிக் குடுப்பார்கள். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரு கிழமை பகலும் ஒரு கிழமை இரவுமாக மாறி மாறி வேலை செய்கிற எங்கட வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேற கட்டுரை வேணும்; "ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் படுங்கோ" என்ற அறிவுரையை யாராவது அந்தப் போடிங் வீடுகளில் போய்ச் சொல்லிப் பாக்கட்டும்.

இப்ப நாங்கள். மற்றவர்களை ஏசுவது சுகம், ஆனால் நித்திரையைப் பறிக்கிறவர்களில் கம்பஸ்காரரும் இருக்கிறம். புது பட்ச் வந்தால் இரவு பன்னிரண்டு, ஒரு மணி வரைக்கும் வட்ஸ்அப்பில் கோல் எடுத்து "அறிமுகம்" கேட்கிறது. விடிய நாலரைக்கு எழுப்பி வரிசையில் விடுகிறது. சீனியர்மார் இதுக்குப் பண்பாடு, ஒற்றுமை, சமத்துவம் எண்டு ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதை என்று ஒரே பேர்தான் வைத்திருக்கு. அடி விழுந்தால்தான் வதை என்று நினைக்கிற ஆக்களுக்கு மேலே எழுதின 6 மணித்தியாலக் கணக்கைத் திரும்பக் காட்டுகிறன்: இரண்டு கிழமை காணும், ஒரு பிள்ளையின் மண்டையைக் குழப்ப. முதல் செமஸ்டரிலேயே "என்னால ஏலாது" எண்டு பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் ஏலாதவர்கள், எத்தனை பேர் நித்திரை இல்லாதவர்கள்? அதே சீனியர் அண்ணா பிறகு அந்தப் பிள்ளைக்கு நோட்ஸும் தருவார், "மூளைக்கு நல்லது" எண்டு ஒரு குளிசையின் பேரும் தருவார்.

கேட்பதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. அசைன்மென்ட் கடைசி நேரத்தை இரவு 11.59 எண்டு போடுகிற விரிவுரையாளர்கள் அதைப் பின்னேரம் 5 மணி எண்டு போடலாம். காசு செலவில்லை, கையெழுத்து ஒன்று காணும். ஹொஸ்டலில் ஒரு படிப்பறைக்கு இரவு முழுக்க லைட் குடுத்தால் படுக்கிற அறையில் லைட்டை நூக்கலாம். மாணவர் ஒன்றியம் வருடாந்த இரத்ததான முகாமோடு சேர்த்து ஹீமோகுளோபின் சோதனையையும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒழுங்குபண்ணலாம். தானம் குடுக்க வாறவர்களுக்கு எப்படியும் அதைப் பார்க்கத்தானே செய்கிறார்கள், குடுக்காதவர்களுக்கும் பார்க்கட்டும். 5.30 மணி டியூசனைப் பற்றி எங்கட வாத்தியார்மாரோடு கதைக்க எங்களுக்குத்தான் முகம் இருக்கு, அவர்களின் பழைய மாணவர்கள் என்ற வகையில். ஒரு வாத்தியாரிடம் நான் கேட்டன். "நான் பிந்தித் தொடங்கினால் பிள்ளையள் மற்ற ஆளிட்டப் போயிடுங்கள்" என்றார். பொய்யில்லை. அதனால்தான் ஒருத்தரைத் தனியாகக் கேட்டு வேலையில்லை, ஊரில் உள்ள எல்லாரையும் ஒன்றாக இருத்தித்தான் கேட்கவேணும்.

புது பட்சின் பதிவு தொடங்கப்போகுது. இந்த முறை எங்கட பீடத்தில் இரவு 10க்குப் பிறகு ஒரு ஜூனியருக்கும் கோல் போகக்கூடாது எண்டு எங்கட பட்ச் குறூப்பில் போட்டிருக்கிறன். இதுவரைக்கும் 11 பேர் சரி எண்டிருக்கினம், நாலு பேர் சிரிக்கிற இமோஜி போட்டிருக்கினம், மற்ற ஆக்கள் பாத்துப்போட்டுப் பேசாமல் இருக்கினம்.